‘வாய்ப்புள்ளது’ வந்த வழி

மொட்டை மாடியில் வடாம் காயும் வீட்டுக்குள் மதியச் செய்தி ஓடுகிறது. “உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்ய வாய்ப்புள்ளது.” பெய்யும் என்று அவர்கள் சொல்வதில்லை, பெய்யாது என்றும் சொல்வதில்லை. நாமும் ஆண்டுக்கணக்கில் அந்தச் சொல்லைக் கிண்டல் செய்துகொண்டே, வடாத்தை மட்டும் மறக்காமல் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம்.

கிண்டலுக்குரிய அந்த வாக்கியத்துக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வானிலைத் துறையின் அகராதியில் ‘ஓரிரு இடங்கள்’ என்றால் மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரை. ‘சில இடங்கள்’ என்றால் 26 முதல் 50 வரை. ‘பெரும்பாலான இடங்கள்’ என்றால் 75-க்கு மேல். தெரியாத ஒன்றை எவ்வளவு தெரியாது என்று எண்ணில் சொல்லும் வழக்கம் இது. பூமி எத்தனை டிகிரி சூடாகும், அனல்மின் நிலையங்களை எப்போது மூடுவது என்கிற சண்டைகளின் நடுவில் இன்று நிற்பதும் இதே வழக்கம்தான். அது கடன் பத்திரத்தில் பிறந்து, சூதாடி, காபிக் கடையில் வளர்ந்து, உளவுத்துறையில் வேலை பார்த்து, சிகரெட் கம்பெனி எடுத்த போலிப் பிரதியால் பெயர் கெட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் ஏதென்ஸ், கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. நாவன்மைக்குப் பேர்போன டெமாஸ்தனிஸின் பெயரில் வந்திருக்கும் வழக்குரை ஒன்றில் ஒரு கடல் கடன் பத்திரம் முழுமையாகக் கிடைக்கிறது. மூவாயிரம் ஜாடி மதுவை ஏற்றிக்கொண்டு கருங்கடலுக்குப் போய்வர 3,000 திராக்மா கடன். கப்பல் மூழ்கினால் கடனைத் திருப்பித் தர வேண்டாம். பத்திரமாக வந்து சேர்ந்தால் வட்டி இருபத்திரண்டரை சதவீதம். ஆனால் ஆர்க்டுரஸ் விண்மீன் உதித்த பிறகு கருங்கடலிலிருந்து கிளம்பினால் வட்டி 30. ஆர்க்டுரஸ் வேறு யாருமில்லை, நம் சுவாதி நட்சத்திரம்தான். செப்டம்பர் நடுவில் அது விடியலில் தென்பட்டால் புயல் பருவம் நெருங்குகிறது என்று பொருள். இரண்டு வட்டிக்கும் இடையில் ஏழரை. நம் ஊரில் ஏழரை என்றால் சனி, கிரேக்கருக்குப் புயல். வானிலை முன்னறிவிப்புக்கு மனிதர் போட்ட மிகப் பழைய விலைகளில் ஒன்று அந்த ஏழரை.

இந்தியப் பெருங்கடலிலும் இதே யோசனை ஓடியது. அர்த்தசாஸ்திரம் நூறு பணத்துக்கு மாத வட்டியை நான்கு படியாகப் பிரிக்கிறது: நியாய வட்டி ஒன்றேகால், வணிகருக்கு 5, காட்டு வழி போகிறவருக்கு 10, கடல் வழி போகிறவருக்கு 20. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடு ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் சேரர் துறைமுகமான முசிறியோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பல் கொண்டுவந்த சரக்கின் மதிப்பு. ஊர் எதுவானாலும் பாடம் ஒன்று. கடல் நிச்சயமில்லை என்பதற்காக யாரும் கப்பலைக் கரையிலேயே கட்டிப் போடவில்லை. நிச்சயமின்மைக்கு ஒரு விலை வைத்தார்கள்.

அடுத்த திருப்பம் ஒரு தடையுத்தரவால் வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் போப் ஒன்பதாம் கிரிகோரி, கடல் கடனுக்கு வாங்கும் கூடுதல் வட்டியும் பாவமே என்றார். இத்தாலிய வணிகர்கள் பக்தியையும் விடவில்லை, வியாபாரத்தையும் விடவில்லை. கடனைத் தனியாகவும் ஆபத்தைத் தனியாகவும் பிரித்துவிட்டார்கள். ஆபத்தைச் சுமப்பதற்கு வாங்குவது வட்டி இல்லையே, கூலிதானே! இப்படித்தான் காப்பீட்டுப் பிரீமியம் தனிச் சரக்கானது. ஜெனோவாவில் 1347-இல் எழுதப்பட்ட பத்திரம் நம் கைக்கு வந்திருக்கும் காப்பீட்டு ஒப்பந்தங்களில் மிகப் பழையது. ‘ரிஸ்க்’ என்ற சொல்லும் இந்தத் துறைமுகப் பத்திரங்களின் வழியாகத்தான் ஐரோப்பிய மொழிகளில் பரவியது. அது கடல் பாறையைக் குறித்த சொல்லா, அரபியில் இறைவன் அளக்கும் படியைக் குறிக்கும் ‘ரிஸ்க்’ என்ற சொல்லா என்று மொழியறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

விலை வந்துவிட்டது, கணக்கு வரவில்லை. கணக்கைக் கொண்டுவந்தவர்கள் சூதாடிகள். 1654-இல் பிரான்ஸில் ஒரு சூதாட்டப் பிரியர் கணித மேதை பாஸ்கலிடம் ஒரு புதிரைக் கொண்டுபோனார். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்குப் பந்தயப் பணம் என்று பேசி இருவர் ஆளுக்கு 32 காசு வைக்கிறார்கள். ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்ற நிலையில் ஆட்டம் பாதியில் நின்றுபோகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது? பாஸ்கலும் இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவும் கடிதத்தில் விவாதித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் தோற்றாலும் முன்னணியில் இருப்பவருக்கு 32 உறுதி. மீதி 32-இல் அவருக்குப் பாதி வாய்ப்பு. ஆக அவருக்கு 48, மற்றவருக்கு 16. சுலபமாகத் தெரிகிறது. ஆனால் நடக்காத ஆட்டத்தின் பலனை எண்ணால் பங்கு போட முடியும் என்று காட்டியது அந்தக் கடிதங்கள்தான்.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? பாஸல் நகரத்து யாக்கோப் பெர்னூலி இதைத் துருவிக் கணக்குப் போட்டார். ஒரு பானைக்குள் வெள்ளையும் கறுப்புமாகக் கூழாங்கற்கள். எந்த நிறம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று ஏறக்குறைய ஐயமில்லாமல் சொல்ல எத்தனை முறை கல் எடுத்துப் பார்க்க வேண்டும்? அவர் இறந்தபின் 1713-இல் வெளியான நூலில் விடை இருந்தது: 25,550 முறை. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூமி என்ற பானை நம்மிடம் ஒன்றுதான். அதில் ஒரே ஒரு முறைதான் கை விட முடியும். காலநிலை விவாதத்தின் பாதித் தலைவலி இங்கே தொடங்குகிறது.

வணிகர்கள் 25,550 முறைக்காகக் காத்திருக்கவில்லை. 1680-களில் லண்டன் டவர் தெருவில் எட்வர்ட் லாயிட் ஒரு காபிக் கடை நடத்தினார். 1691-இல் லொம்பார்ட் தெருவுக்கு இடம் மாறியது. கப்பல் முதலாளியின் ஆள் ஒரு சீட்டோடு மேசை மேசையாகப் போவார். ஆபத்தில் பங்கெடுக்க விரும்புகிறவர் தொகையை எழுதி அடியில் கையெழுத்திடுவார். ‘அண்டர்ரைட்டர்’ என்ற பெயர் அந்தக் கையெழுத்திலிருந்து வந்தது. அதே மேசைகளில் அடிமைக் கப்பல்களுக்கும் காப்பீடு விற்றார்கள். அதற்காக லாயிட்ஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020-இல்தான்.

இதுவரை விலைதான் பேசியது, வானம் பேசவில்லை. வானத்தைப் பேச வைத்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிச் சென்ற ‘பீகிள்’ கப்பலின் தலைவர். 1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் வேல்ஸ் கரையில் புயலில் உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரிட்டிஷ் வானிலைப் பிரிவின் தலைவராக இருந்த ஃபிட்ஸ்ராய், 1861-இல் தந்தி வழியாகப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் தினசரி முன்னறிவிப்பும் வந்தது. இது ஜோசியம் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்காகவே ‘ஃபோர்காஸ்ட்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். யார் கேட்டார்கள்? ஒரு நாள் தவறினால் பத்திரிகைகள் கேலி செய்தன, விஞ்ஞானிகள் முகம் சுளித்தார்கள். 1865-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு, அறிவியல் போதாது என்று ஒரு குழு சொன்னதும் எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. அப்போதுதான் எதிர்ப்புக் கிளம்பியது, அதுவும் கடலுக்குப் போகிறவர்களிடமிருந்து. தவறக்கூடிய எச்சரிக்கையே இல்லாத எச்சரிக்கையைவிட மேல் என்பது அவர்கள் கண்ட உண்மை. 1867-இல் புயல் எச்சரிக்கை மீண்டும் வந்தது.

ஃபிட்ஸ்ராய் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: இன்றைய அறிவிப்பை எவ்வளவு நம்பலாம்? அதைச் சொன்னவர் உலகின் வேறொரு மூலையில் இருந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து வானிலையாளர் டபிள்யூ. எர்னஸ்ட் குக், 1906-இல் தன் அறிவிப்புகளோடு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுக்கும் முறையை எழுதினார். ஐந்து என்றால் ஏறக்குறைய நிச்சயம். எண் குறையக் குறைய ஐயம் கூடும். அமெரிக்க வானிலைத் துறை நாடு முழுதும் மழைக்குச் சதவீதம் சொல்ல ஆரம்பித்தது 1965-இல். இன்று ஐரோப்பிய வானிலை மையம் ஒரே நாளின் வானத்தை, தொடக்கத்தில் சிறு மாற்றங்களோடு, 51 முறை கணினியில் ஓட்டுகிறது. அவற்றில் எத்தனையில் மழை பெய்கிறது என்று எண்ணினால் வாய்ப்பு கிடைத்துவிடும். பெர்னூலியின் பானையைக் கணினிக்குள் செய்துவிட்டார்கள்!

எண் வந்தால் குழப்பம் தீருமா? 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து நகரங்களில் ‘நாளை 30 சதவீத மழை வாய்ப்பு’ என்றால் என்ன என்று கேட்டார்கள். நியூயார்க்கில் மட்டும்தான் பெரும்பான்மையோர், இதுபோன்ற பத்து நாள்களில் மூன்று நாள் மழை என்று சரியாகச் சொன்னார்கள். ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான் மக்களுக்கு மிகவும் பிடித்த விடை வேறு: நாளின் 30 சதவீத நேரம் மழை பெய்யும். அந்த ஏழரை வட்டி பிறந்த ஏதென்ஸிலேயே இந்தக் கதி.

எண் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம் என்பதை ஒற்றர்கள் கண்டுபிடித்தார்கள். 1951-இல் அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீட்டு அலுவலகம், சோவியத் அணி யூகோஸ்லாவியாவைத் தாக்குவது ‘கவனத்துக்குரிய சாத்தியம்’ என்று எழுதியது. அதன் பொருள் என்ன என்று ஓர் அதிகாரி அந்த அலுவலகத்தைச் சேர்ந்த ஷெர்மன் கென்டிடம் கேட்டார். நூற்றுக்கு 65 என்றார் கென்ட். கேட்டவர் அதிர்ந்தார், அவர் அதை மிகக் குறைவாக எண்ணியிருந்தார். கென்ட் தன் சகாக்களைக் கேட்டால் அதைவிட வேடிக்கை. ஒரே வாக்கியத்தில் ஒப்பமிட்டவர்களின் மனதில் 20 முதல் 80 வரை எல்லா எண்ணும் இருந்தன. பின்னர் அவர் சொல்லுக்கு எண் பொருத்தி ஒரு பட்டியல் போட்டார்: ‘ஏறக்குறைய நிச்சயம்’ என்றால் 93, ‘நடக்கக்கூடும்’ என்றால் 75, இப்படி. எழுத்தாளர் மனம் கொண்ட சகாக்கள் மொழி கெடுகிறது என்று முறுக்கிக்கொண்டார்கள்.

எண்ணில் சொல்லும் வழக்கம் என்ற இந்தப் பயணியின் மிகப் பெரிய வேலை அடுத்துக் காத்திருந்தது. காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும்? 1896-இல் ஸ்டாக்ஹோமில் விஞ்ஞானி அர்ரேனியஸ் கைக்கணக்காகவே 5 முதல் 6 டிகிரி என்றார். 1979 ஜூலையில் வுட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊரில் ஜூல் சார்னி தலைமையில் ஒரு குழு கூடியது. முன்னால் இருந்த கணினி மாதிரிகளில் மனாபேயின் கணக்கு சுமார் 2 டிகிரி, ஹான்சனின் கணக்கு சுமார் 4. பிழைக்கு இடம் விட்டுக் கீழே அரை டிகிரி குறைத்தார்கள், மேலே அரை டிகிரி கூட்டினார்கள். ஒன்றரை முதல் நாலரை! நல்ல கொத்தனார் கண்ணளவு பார்த்துச் சுவர் வைப்பது போன்ற வேலை. அந்தச் சுவர் நாற்பது ஆண்டு நின்றது. 2021-இல்தான் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐ.பி.சி.சி. அதை இரண்டரை முதல் 4 டிகிரி என்று கணிசமாகச் சுருக்கியது.

இடையில் சூதாட்டக் காய் மறுபடி உருண்டது. 1988-இல் ஹான்சன் வெப்பமான கோடையை விளக்கப் பகடையைக் கையிலெடுத்தார். ஆறு பக்கத்தில் இரண்டு சிவப்பு என்றிருந்த பகடை, நான்கு சிவப்பாக மாறிக்கொண்டிருக்கிறது என்றார். அடுத்த சில ஆண்டுகளில் பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹாஸ் காலநிலைச் சேதத்துக்கும் எரிசக்திச் செலவுக்கும் கணக்குப் போடும் மாதிரி ஒன்றை உருவாக்கினார். அதன் பெயர் ‘டைஸ்’, அதாவது பகடை. 2018-இல் நோபல் பரிசும் வாங்கித் தந்தது. அந்தப் பகடைக்குள் ஏதென்ஸின் பழைய நண்பர் உட்கார்ந்திருந்தார்: வட்டி. நூறாண்டு கழித்து வரப்போகும் ஒரு லட்ச ரூபாய் சேதத்துக்கு இன்று என்ன மதிப்பு? 2006-இல் நிக்கோலஸ் ஸ்டெர்ன் பிரிட்டிஷ் அரசுக்குத் தந்த அறிக்கையின்படி வட்டி 1.4 சதவீதம். அப்படியானால் சுமார் 25,000 ரூபாய். வட்டியை 4 என்று வைத்தால் 2,000-ஐக் கூடத் தொடாது. நார்ட்ஹாஸ் வைத்தது அதற்கும் மேல். நிலக்கரியை இன்றே குறைப்பதா, மெல்லக் குறைப்பதா என்ற சண்டையில் பாதி இயற்பியல் சண்டையே இல்லை. வட்டிச் சண்டை.

ஐ.பி.சி.சி. விஞ்ஞானிகளுக்கும் கென்டின் தலைவலி வந்தது. 2001 அறிக்கைக்காக ரிச்சர்ட் மாஸும் ஸ்டீஃபன் ஷ்னைடரும் சொல்லுக்கு எண் பொருத்தும் வழிகாட்டி எழுதினார்கள். வெப்பமாதலில் பெரும்பங்கு மனிதரால் என்பதற்கு 2001-இல் கிடைத்த சொல்லின் எண் 66; 2007-இல் 90; 2013-இல் 95. 2021-இல் சதவீதமே தேவைப்படவில்லை. மனிதரே பூமியைச் சூடாக்கினர் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனாலும் சொல்லின் குறும்பு தீரவில்லை. ஐ.பி.சி.சி. ‘லைக்லி’ என்றால் 66-க்கு மேல். இந்திய வானிலைத் துறை தன் எச்சரிக்கைப் படங்களில் ‘லைக்லி’ என்றால் 25 முதல் 50.

இங்கேதான் போலிப் பிரதி நுழைகிறது. 1953 டிசம்பரில், சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வுகள் காட்டியபோது, அமெரிக்கச் சிகரெட் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க் பிளாசா ஓட்டலில் கூடினார்கள். அடுத்த மாதம் 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரம்: விஷயம் இன்னும் முடிவாகவில்லை, மேலும் ஆராய்ச்சி தேவை. 1969-இல் ஒரு கம்பெனியின் உள்குறிப்பு தாங்கள் விற்கும் சரக்கே சந்தேகம்தான் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியது. சரக்கு நன்றாக விற்றது. வேறு கடைகளும் வாங்கின. 1979 முதல் ஒரு சிகரெட் கம்பெனியின் ஆய்வு நிதியைக் கவனித்த இயற்பியலாளர் ஃபிரெடெரிக் சைட்ஸ், பிறகு காலநிலை அறிவியலில் ஐயம் கிளப்பிய மார்ஷல் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். 1998-இல் அமெரிக்கப் பெட்ரோலியச் சங்கம் கூட்டிய குழுவின் திட்ட வரைவு, சராசரிக் குடிமகன் காலநிலை அறிவியலின் நிச்சயமின்மைகளை ‘உணரும்’ நாளே தங்களுக்கு வெற்றி நாள் என்று குறித்துவைத்தது.

போலிப் பிரதியின் தந்திரத்தைப் பாருங்கள். விஞ்ஞானிகள் நேர்மையாக எழுதிய அதே நிச்சயமின்மையைத்தான் எடுத்தார்கள்; எண்ணை மாற்றவில்லை, பொருளை மாற்றினார்கள். சுவாதி உதித்தால் கப்பல் மூழ்கும் என்று நிரூபிக்கப்படவில்லை, ஆகவே ஏழரை தர மாட்டேன் என்று ஏதென்ஸில் ஒரு வணிகர் சொல்லியிருந்தால் அவருக்குக் கடன் யார் கொடுத்திருப்பார்கள்? நிச்சயமில்லை என்பது இரு பக்கமும் வெட்டும். 3 டிகிரி என்று நினைத்தது 2 ஆகலாம், நாலரையும் ஆகலாம். நாலரையில் வரும் சேதம், 2-இல் மிச்சமாகும் சந்தோஷத்தைவிடப் பல மடங்கு பெரியது. வீடு எரிய 66 சதவீத வாய்ப்பு வரட்டும், பிறகு தீக்காப்பீடு எடுப்போம் என்று யாரும் இருப்பதில்லை.

சிகரெட் கதைக்கு இன்னொரு வாலும் உண்டு. நுரையீரல் புற்றில் புகைக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட 1953-இல் மார்ட்டன் லெவின் ஒரு முறை வகுத்தார். ஐம்பது ஆண்டு கழித்து அந்த வகைக் கணக்கை வானிலையாளர்கள் இரவல் வாங்கினார்கள். ஐரோப்பாவின் 2003 கோடை வெப்ப அலையைப் போன்ற ஒன்றின் வாய்ப்பை மனிதச் செயல் குறைந்தது இரட்டிப்பாக்கியிருக்கும் என்று 2004-இல் பீட்டர் ஸ்டாட், மைல்ஸ் ஆலன் குழு 90 சதவீதத்துக்கு மேல் உறுதியோடு சொன்னது. ஒரே சிகரெட்டிலிருந்து சந்தேகத்தை ஒரு கூட்டம் எடுத்துக்கொண்டது, கணக்கை இன்னொரு கூட்டம்.

அந்தக் கணக்கு சென்னைக்கும் வந்தது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 490 மி.மீ. கொட்டிய மழையைப் பன்னாட்டுக் குழு ஒன்று ஆராய்ந்தது. விடை பலருக்கு ஏமாற்றம்: புவி வெப்பமாதலின் தடம் அந்த மழையில் தென்படவில்லை. காற்றிலுள்ள மாசுத் துகள்கள் வெப்பத்தை இதுவரை மறைத்திருக்கக்கூடும் என்றும் சொன்னார்கள். இல்லை என்று சொல்லத் தெரிந்த தராசு என்பதால்தான் அது ஆம் என்று சொல்லும்போது நம்ப முடிகிறது. அடையாற்றுக் கரைக்கோ இந்த நுணுக்கம் தெரியாது. அங்கே வெள்ள வாய்ப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு வடிகால் வேண்டும்.

இப்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் முப்பந்தலின் காற்றாலைகள் சுழல்கின்றன. இந்திய மின்கட்டமைப்பு ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக 96-ஆக வெட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு மின்சாரம் வரும் என்று காற்றாலைக்காரர் முன்கூட்டியே சொல்லவேண்டும். காற்று ஏமாற்றி, சொன்னதிலிருந்து வரம்பு தாண்டி விலகினால் விலகல் கட்டணம். காற்று நிச்சயமாகத் தெரியட்டும், அப்புறம் ஆலை நடுவோம் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எவ்வளவு தெரியாதோ அதற்கு விலை கட்டிவிட்டு இறக்கையைச் சுழல விட்டார்கள். கடன் பத்திரத்தில் சுவாதியைக் குறித்துவைத்த அந்த ஏதென்ஸ்காரருக்கு இந்தச் சட்டத்தைப் படித்துக் காட்டினால் பாதியிலேயே புரிந்துகொள்வார். ஏழரை எவ்வளவு என்று மட்டும்தான் கேட்பார்.